ஒரு மிளகுச் சிமிழ், ஒரு மளிகைக்கடைக்காரர்: பிரிட்டிஷ் மியூசியத்தின் 49-ஆம் அறை

தேம்ஸ்கரை

அப்பா ஊரிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. போடிநாயக்கனூரில் முப்பத்தைந்து வருஷம் மளிகைக்கடை நடத்தியவர். லண்டனில் எங்கே கூட்டிப் போனாலும் பத்து நிமிஷத்தில் "சரி தாயி, பாத்தாச்சு, போலாமா" என்பார். போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அழைத்துப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும், கட்டணமும் கிடையாது. எகிப்து மம்மிகளைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மாடியில் 49-ஆம் அறைக்குள் நுழைந்தோம். ரோமானியர் ஆண்ட காலத்துப் பிரிட்டனுக்கான அறை அது. 1834-இல் தேம்ஸ் ஆற்றிலிருந்து எடுத்த ஹாட்ரியன் பேரரசரின் வெண்கலத் தலை அங்கே இருக்கிறது. அப்பா அதைப் பார்த்தபடியே நடந்து போய்விட்டார். அவர் கால் நின்றது வெள்ளிச் சாமான்கள் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்.

உள்ளே ஒரு சின்னப் பெண் உருவம். மார்பளவுதான், பத்து சென்டிமீட்டர் சொச்சம் உயரம். வெள்ளியில் செய்து அங்கங்கே தங்கமுலாம் பூசியிருக்கிறார்கள். கூந்தலைப் பின்னித் தூக்கிக் கட்டியிருக்கிறாள். இடது கையில் ஒரு ஏட்டுச் சுருள், வலது கை விரல் அந்தச் சுருளைச் சுட்டுகிறது.

"இது என்ன சாமி?" என்றார் அப்பா.

"சாமி இல்லப்பா. பேரரசி மாதிரி செஞ்ச மிளகு டப்பா."

அதற்குப் பிறகு அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. குனிந்து, பக்கவாட்டில் போய், இன்னொரு பக்கம் வந்து, ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினார். அடியில் ஒரு வட்டத் தகடு உண்டு, அதைத் திருப்பினால் மூன்று நிலையில் நிற்கும் என்று படித்துச் சொன்னேன். ஒரு நிலையில் முழுதாகத் திறக்கும், மிளகு நிரப்பலாம். ஒரு நிலையில் சின்னத் துளைகள் வழியே தூவலாம். இன்னொன்றில் மூடிக்கொள்ளும்.

"அப்ப இடிச்சுத்தான் போட்டிருக்கான். முழு மிளகு இதுல இறங்காது. நல்லாக் காஞ்ச சரக்காவும் இருந்திருக்கணும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் தூள் கட்டி தட்டி ஓட்டைய அடச்சுக்கும். இந்த ஊரு மழைக்கு அடுப்பு பக்கத்துலதான் வச்சிருப்பான்."

கடையில் மிளகு மூட்டை வந்து இறங்கியதும் அப்பா செய்வது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கை அள்ளி, எடையை உள்ளங்கையிலேயே பார்ப்பார். இரண்டு மணியைப் பல்லில் வைத்து நொறுக்குவார். பொக்கு எவ்வளவு, தூசு எவ்வளவு என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தப் பார்வையோடுதான் 1600 வருஷத்துக்கு முந்தைய அந்தச் சிமிழையும் பார்த்தார்.

அது கிடைத்த கதையையும் சொன்னேன். 1992 நவம்பரில் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்ற ஊரில், ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. அதைத் தேடித் தருகிறேன் என்று, ஓய்வுபெற்ற தோட்டக்காரரான அவருடைய நண்பர் உலோகம் காட்டும் கருவியோடு போயிருக்கிறார். கிடைத்தது ஒரு மரப்பெட்டி நிறையப் புதையல். ஏறக்குறைய 15,000 தங்கம், வெள்ளி, வெண்கலக் காசுகள், 200 வெள்ளிச் சாமான்களும் தங்க நகைகளும். அவர் முழுதாகத் தோண்டி அள்ளாமல் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். மறுநாளே தொல்லியல்காரர்கள் வந்து, எது எதன்மேல் இருந்தது என்று ஒழுங்காகப் பதிவு செய்து எடுத்தார்கள். சன்மானமாக 17.5 லட்சம் பவுண்டு கிடைத்தது, அதை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது மியூசியத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.

"அள்ளாம விட்டான் பாரு, அதான் பெரிய மனசு" என்றார் அப்பா.

மம்மிகளைப் பார்க்கவே இல்லை. ஒரு மணி நேரம் அந்த ஓர் அறையிலேயே போய்விட்டது. திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நம் மலைச்சரக்கு இவ்வளவு தூரம் வந்து, வெள்ளியில் வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். இன்னும் இரண்டு மாதம் இருப்பார். ரோமானியப் பொருட்களில் வேறு எதை அவருக்குக் காட்டலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது அக்கா. நான் ரெடிங்கில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியிலும் சொல்லித்தருகிறேன். அடுத்த மாதம் எட்டுப் பிள்ளைகளை இதே அறைக்கு அழைத்துப் போக நினைத்திருக்கிறேன். ஒன்பது, பத்து வயசு. போன தடவை வேறொரு மியூசியத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டப்போய், வெளியே வரும்போது ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நினைவில்லை. எதைக் காட்ட, எதை விட?

கல்வெட்டு மாணவன்

நல்ல பதிவு. உங்கள் அப்பா கேட்ட கேள்விகள் மிகச் சரியானவை. ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், ஒரு வருத்தமும் சொல்ல வேண்டும்.

திருத்தம்: அந்தச் சிமிழுக்குப் 'பேரரசி' என்பது ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். குறிப்பிட்ட எந்த அரசியையும் அது காட்டவில்லை, செல்வ வீட்டுப் பெண் ஒருத்தியின் பொதுவான உருவம் என்றே இப்போது கருதுகிறார்கள். கையில் சுருள் வைத்திருப்பதால் படித்தவள். அதைச் சொல்லிப் பாருங்கள், அப்பாவுக்கு இன்னும் பிடிக்கும்.

வருத்தம் இது. நம் ஆட்கள் எந்த ரோமானியக் காட்சிக்குப் போனாலும் நம் மிளகையும் நம் முத்தையும் தேடிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்ற அகநானூற்று வரியை எனக்கும் மனப்பாடமாகத் தெரியும். முசிறித் துறையில் யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு போனது உண்மை. எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், கோயில் முற்றத்தில் புதைத்திருந்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. அதெல்லாம் சரிதான். ஆனால் அந்த அறையில் இருக்கும் மனிதர்கள் நமக்கு வாடிக்கையாளர்கள் மட்டும்தானா?

அதே அறையில் விண்டொலாண்டா மர ஏடுகள் இருக்கின்றன. பிரிட்டனின் வடக்கு எல்லையில் ஒரு படைக்கோட்டை. அங்கே 1973-இல் வடிகால் வெட்டும்போது மரச்சீவல் மாதிரி ஏதோ வந்தது. ஒட்டியிருந்த இரண்டு சீவல்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மையால் எழுதிய எழுத்து. அஞ்சலட்டை அளவுதான். கனம் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர். காற்றுப் புகாத ஈர மண்ணில் கிடந்ததால் மக்கவில்லை. பல ஏடுகளில் வெறும் கண்ணுக்கு எழுத்து தெரியாது, அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்துத்தான் படிக்கிறார்கள்.

அதில் ஒன்று, கி.பி. 100-ஐ ஒட்டிய கடிதம். கிளாடியா செவெரா என்ற பெண், பக்கத்துக் கோட்டையில் இருக்கும் சுல்பீசியா லெபிடினா என்ற தோழியைப் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். இரண்டு பேருமே படைத்தலைவர்களின் மனைவிகள். கடிதத்தை எழுத்தர் ஒருவர் அழகான கையில் எழுதியிருக்கிறார். கடைசியில் ஓரத்தில் மட்டும் வேறு கை, கொஞ்சம் தடுமாறும் எழுத்து: உன்னை எதிர்பார்த்திருப்பேன் சகோதரி, என் உயிரே, நலமாக இரு. அது செவெராவே எழுதியது. ஒரு பெண் தன் கையால் லத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. அதை நான் முதலில் பார்த்த நாளில் கண்ணாடியை விட்டு விலக முடியவில்லை. அதில் மிளகு கிடையாது, நாமும் கிடையாது. அதற்காக அதைத் தாண்டிப் போகலாமா?

தேம்ஸ்கரை

நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த ஏடுகளை நாங்கள் பார்த்தோம், ஆனால் நின்று பார்க்கவில்லை. கறுத்த மரத்துண்டுகள் என்று தாண்டி வந்துவிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை அங்கேதான் முதலில் போவோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா மிளகைப் பார்த்ததால்தான் அந்த வீட்டுக்காரியைப் பற்றி யோசித்தார். அடுப்புப் பக்கம் வைத்திருப்பாள், ஈரம் படாமல் பார்த்திருப்பாள் என்றார். தெரிந்த பொருள் வழியாகத்தான் தெரியாத வீட்டுக்குள் போக முடிந்தது. மிளகு எங்களுக்கு வாசற்படியாக இருந்தது என்றுதான் சொல்வேன்.

புதுகைக்காரர்

தேம்ஸ்கரை அம்மாவுக்கு, அப்பா ஊர் திரும்பிய பிறகும் இதைத் தொடரலாம். ரோமானியப் பொருள் பார்க்க லண்டன் வரை வர முடியாதவர்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளின் பெரிய சேகரிப்பு அவர்களிடம் உண்டு.

என் ஊர்ப்பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898-இல் ஒரு பானையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் அரசன் தலையின் குறுக்கே உளியால் போட்ட ஒரு வெட்டு இருக்கும். நான் இருபது வருஷம் முன்பு அப்படிப்பட்ட ஒரு காசைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே கோடு. வெட்டின் இரண்டு ஓரமும் கொஞ்சம் மேலே எழும்பி, உள்ளே சுத்தத் தங்கம் பளபளக்கிறது. உள்ளே செம்பு வைத்து மேலே தங்கம் பூசியதா என்று சோதிக்கப் போட்டது என்று ஒரு விளக்கம். இனி இது காசு இல்லை, எடைக்குத்தான் மதிப்பு என்று காட்டப் போட்டது என்று இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. சோதிக்க மட்டும் என்றால் ஓரத்தில் ஒரு கீறல் போதும், முகத்தின் மேலேயே போட வேண்டியதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஹாக்ஸன் புதையலின் வெள்ளிக் காசுகளையும் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே ஓரம் சீவியவை. சுற்றிலும் வெள்ளியைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், ஆனால் பேரரசர் தலையை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அங்கே தலை இருந்தால்தான் காசு செல்லும். இங்கே அந்தத் தலைக்கு வேலை இல்லை, தங்கத்துக்குத்தான் வேலை. ஒரே பேரரசின் காசு, இரண்டு ஊரில் இரண்டு விதமாக வெட்டுப்பட்டிருக்கிறது. கல்வெட்டு மாணவன் தம்பி, இதை நம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காசின் அதிகாரம் எந்த எல்லையில் முடிந்தது என்று இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

கல்வெட்டு மாணவன்

ஐயா, இது அருமை. இரண்டையும் தனித்தனியாகப் படித்திருக்கிறேன், ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. காலம் மட்டும் கவனத்தில் இருக்கட்டும். உங்கள் ஊர்க் காசுகள் முதல் நூற்றாண்டுப் பேரரசர்களுடையவை, ஹாக்ஸன் காசுகள் நான்காம் நூற்றாண்டும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கமும். நடுவே முந்நூறு வருஷம் இருக்கிறது. அதனால் நேருக்கு நேர் ஒப்பிடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆனால் பார்க்கும் முறை சரி.

பாதசாரி

நான் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவுக்கு விசா இருந்தால் அவசியம் அழைத்துப் போங்கள். எரிமலை வெடித்துப் புதைந்த பொம்பேயி, ஹெர்குலேனியம் ஊர்களில் கிடைத்தவற்றில் முக்கியமானவை அங்கேதான் இருக்கின்றன. எல்லாரும் அலெக்சாந்தர் மொசைக்கைப் பார்க்க ஓடுவார்கள். பார்க்க வேண்டியதுதான், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னக் கற்களால் ஆன போர்க்களம் அது. ஆனால் மளிகைக்கடைக்காரருக்கு நான் காட்ட நினைப்பது ரொட்டி.

கி.பி. 79-இல் வெசூவியஸ் வெடித்தபோது அடுப்பிலும் பலகையிலும் இருந்த ரொட்டிகள் கரியாகி அப்படியே நின்றுவிட்டன. வட்ட ரொட்டி, மேலே நடுவிலிருந்து எட்டுத் துண்டாகப் பிரிக்கக் கீறியிருக்கும். ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒன்றின்மேல் முத்திரை அழுத்தியிருக்கிறார்கள்: செலர், குவிண்டஸ் கிரானியஸ் வேருஸின் அடிமை. பொது அடுப்பில் சுடக் கொடுக்கும்போது யாருடைய ரொட்டி என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்கான அடையாளமாக இருக்கலாம். நான் குனிந்து அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். மாவு மெத்தென்று இருந்தபோது ஒருவன் முத்திரையை வைத்து அழுத்தியதில் ஓரம் கொஞ்சம் வெளியே பிதுங்கியிருக்கிறது. அந்தப் பிதுங்கல்தான் இன்றுவரை என் கண்ணில் நிற்கிறது.

அங்கே தனி அறை ஒன்றில் ஓர் இந்தியத் தந்தச் சிற்பம் இருக்கிறது. 'பொம்பேயி லட்சுமி' என்று நம் ஊரில் பகிர்ந்துகொண்டே இருப்பார்களே, அதுதான். 1938-இல் பொம்பேயியின் பெரிய கடைத்தெரு ஓரத்து வீட்டில் கிடைத்தது. ஏறக்குறைய இருபத்தைந்து சென்டிமீட்டர் உயரம். நடுவில் நிற்கும் பெண், இரண்டு பக்கமும் சிறிய பணிப்பெண்கள், கைநிறைய வளையல்கள். உச்சந்தலையிலிருந்து கீழே ஒரு துளை போகிறது. அதனால் கண்ணாடிப் பிடியாகவோ மேசைக்கால் மாதிரி ஒன்றாகவோ இருந்திருக்க வேண்டும். பலர் இவளை யட்சி என்றே சொல்கிறார்கள், லட்சுமி என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. அடியில் இருக்கும் எழுத்து கரோஷ்டி. அதாவது வடமேற்கு இந்தியாவில் வழங்கிய எழுத்து, நம் பழைய எழுத்தான தமிழி இல்லை. செய்த இடம் தக்காணமா வடமேற்கா என்று இன்னும் பேச்சு நடக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பம் என்று யாராவது அனுப்பினால் தயவுசெய்து பரப்பாதீர்கள். அவள் எங்கிருந்து போயிருந்தாலும் அழகு குறையப்போவதில்லை.

நான் அவள் முன்னால் நின்றபோது ஓர் இத்தாலியப் பாட்டி பக்கத்தில் வந்து, என் முகத்தைப் பார்த்து, சிற்பத்தைக் காட்டி, 'உங்க ஊரா?' என்கிற மாதிரி கையசைத்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். கரோஷ்டி, தக்காணம் என்றெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கல்வெட்டு மாணவன்

பாதசாரி, இந்த நேர்மைக்கு நன்றி. தமிழ்த் தொடர்பு உறுதியாக இருக்கும் இடங்கள் நமக்குப் போதுமானவை இருக்கின்றன. எகிப்தின் குசெய்ர் அல் கதீமில் கிடைத்த பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழியில் எழுதியிருக்கிறது. ஒறி என்றால் இன்றைய உறிதான். இப்படி உறுதியானவை இருக்கும்போது இல்லாததைச் சேர்க்கவே வேண்டியதில்லை.

உப்புக்காற்று

இழை முழுதும் படித்தேன். பாதசாரி சொன்ன செலர் என்ற பெயரிலேயே என் மனம் நின்றுவிட்டது. இவ்வளவு அழகான வெள்ளிச் சாமான்களைப் பார்க்கும்போது நான் எப்போதும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அந்தச் சிமிழில் மிளகை இடித்து நிரப்பியது யார்?

ஹாக்ஸன் கரண்டிகளில் அவுரேலியஸ் உர்சிசினஸ் என்ற பெயர் பொறித்திருக்கிறது. தங்கக் காப்பு ஒன்றில் 'இதை மகிழ்ச்சியோடு அணிந்துகொள், சீமாட்டி யூலியானே' என்று துளைவேலையில் எழுதியிருக்கிறது. உடையவர்களின் பெயர் நமக்குக் கிடைத்துவிட்டது. பாத்திரம் தேய்த்தவர்களின் பெயர் அந்தப் பெட்டியில் இல்லை.

அவர்களின் தடம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியச் சேகரிப்பில் ஒரு சின்ன வட்ட வெண்கலத் தகடு உண்டு, நான்காம் நூற்றாண்டு. அடிமையின் கழுத்தில் மாட்டியது. 'நான் ஓடிவிடாமல் என்னைப் பிடித்துக்கொள், என் எசமான் விவென்டியஸிடம் திரும்பக் கொடு' என்று அந்த மனிதன் சொல்வது போலவே எழுதியிருக்கிறார்கள். நாய்க்குப் போடும் வில்லை அளவுதான். லண்டன் நகரத்துக்குள்ளேயே 1994-இல் ஒரு மரப்பலகைப் பத்திரம் கிடைத்தது. ஃபோர்டுனாடா என்ற பெண்ணை 600 தெனாரிக்கு (ரோமானிய வெள்ளிக் காசு) வாங்கிய விற்பனை ஒப்பந்தம். உடல் நலமானவள், ஓடிப்போகும் பழக்கம் இல்லாதவள் என்று அதில் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்கள். அவளை வாங்கியவனே ஓர் அடிமை. அவனுக்கு எசமானாக இருந்தவனும் பேரரசரின் அடிமை. ஃபோர்டுனாடா என்ற பெயருக்குப் பொருள் பாக்கியவதி.

காட்சியை ரசிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியை இந்தத் தகட்டைப் பற்றியும் அவர்கள் வயதுக்கு ஏற்ற மாதிரி சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தேம்ஸ்கரை

உப்புக்காற்று, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, கடையில் சின்ன வயசிலிருந்து மூட்டை தூக்கிய மாரியண்ணனைப் பற்றிப் பேசினார். ராத்திரி வெகுநேரம் அந்தப் பேச்சுதான்.

கரும்பலகை, உங்கள் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என் அனுபவத்தில் ஓர் அறை போதும். சனிக்கிழமை போவதானால் பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். ஆளுக்கு ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, ஒரே ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். வரைய ஆரம்பித்தால் கண் தானாகவே நிற்கும்.

கரும்பலகை

போய் வந்துவிட்டோம்! மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அக்கா சொன்னபடி ஒரே அறை, ஒரே பொருள், ஒரு பென்சில். எட்டுப் பேரில் மூன்று பேர் மிளகுச் சிமிழை வரைந்தார்கள். ஹாக்ஸனில் மொத்தம் நான்கு மிளகுச் சிமிழ்கள் இருக்கின்றன என்று நாங்கள் அங்கேதான் கவனித்தோம். ஹெர்குலஸ் ஒரு ராட்சசனோடு மல்லுக்கட்டுவது ஒன்று, காட்டாடு ஒன்று, முயலை நாய் பிடிக்கும் வடிவத்தில் ஒன்று. ஒரு பையன் கடைசியாகச் சொன்னதையே முழு நேரமும் வரைந்தான். முயலின் காதுதான் கஷ்டம் என்றான். ஒரு பெண் குழந்தை செவெராவின் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுத முயன்றாள். 'டீச்சர், இவங்க கையெழுத்தும் என்னை மாதிரியே கோணலா இருக்கு' என்று கத்தினாள். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடிமைத் தகட்டைப் பற்றியும் சொன்னேன். ஒரு பையன், அவன் பேர் அதில் இருக்கா என்று கேட்டான். இல்லை, எசமான் பெயர் மட்டும்தான் என்றேன். அவன் தன் தாளின் மூலையில் ஒரு வட்டம் போட்டு உள்ளே எதுவும் எழுதாமல் விட்டுவிட்டான்.

நேரம் மிச்சமிருந்ததால் போர்ட்லாண்ட் ஜாடியையும் காட்டினேன். கருநீலக் கண்ணாடிமேல் வெள்ளைக் கண்ணாடி பதித்து உருவங்களாகச் செதுக்கியது. 1845-இல் குடிபோதையில் ஒருவன் அதைச் சுக்குநூறாக உடைத்தான், அப்போது ஒட்டியவர்கள் 37 சில்லுகளுக்கு இடம் தெரியாமல் தனியே வைத்தார்கள், பிறகு இரண்டு தடவை முழுதாகப் பிரித்து மறுபடி ஒட்டினார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் விரிசலைத் தேட ஆரம்பித்தார்கள். ஒரு பொருளை அவர்கள் அவ்வளவு உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

கல்வெட்டு மாணவன்

அந்த வெற்று வட்டத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் டீச்சர்.

தேம்ஸ்கரை அக்காவுக்கு ஒரு செய்தி. மிளகை மட்டும் தேடாதீர்கள் என்று சொன்னவன் நான்தான், ஆனால் இதை அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்தின் தலைவன் அலாரிக் கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்டபோது, விலக ஒரு விலை கேட்டான். 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, பட்டு அங்கிகள், சாயத்தோல்கள், கூடவே 3,000 பவுண்டு மிளகு. ஹாக்ஸன் பெட்டியில் இருக்கும் கடைசிக் காசுகள் கி.பி. 407, 408-ஐச் சேர்ந்தவை. அதாவது பிரிட்டனில் அந்தக் குடும்பம் மிளகுச் சிமிழை மண்ணில் புதைத்தது அந்த ஆண்டிலோ அதற்குக் கொஞ்சம் பிறகோதான்.

இன்னொன்று. விண்டொலாண்டா ஏடுகளில் மிளகே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொன்னது செவெராவின் கடிதத்தைப் பற்றித்தான். 184-ஆம் ஏடு ஒரு கணக்கு. படைவீரர்களின் பெயரைப் போட்டு, துவாலை, விலங்குக் கொழுப்பு என்று வாங்கிய பொருளும் அதன் விலையும் எழுதியிருக்கிறார்கள். அதில் டாப்போவின் மகன் காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே: மிளகு, 2 தெனாரி.

தேம்ஸ்கரை

அப்பாவிடம் சொன்னேன். அலாரிக் கணக்கைக் கேட்டதும், "ரோமானியப் பவுண்டு எவ்வளவு?" என்றார். சுமார் 327 கிராம் என்று பார்த்துச் சொன்னேன். மனசுக்குள்ளேயே பெருக்கினார். "ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. அம்பது கிலோ மூட்டை இருபது. ஒரு லாரியில பாதிகூட வராது. அதுக்கா ஊரையே விட்டுட்டுப் போறேன்னான்?" பிறகு, "அப்ப என்ன விலை வித்திருக்கணும் பாரு" என்றார்.

184-ஆம் ஏட்டைச் சொன்னபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பேரு போட்டு, சாமான் போட்டு, தொகை போட்டிருக்கா? இது பற்று நோட்டு தாயி. நம்ம கடையில சிவப்பு அட்டை போட்டு வச்சிருந்தோமே, அதேதான். அப்பன் பேரையும் எழுதியிருக்கான் பாரு. ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா குழப்பம் வரக் கூடாதுல்ல?"

முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் காலத்தில் கருமிளகு ஒரு பவுண்டு 4 தெனாரி என்று எழுதியிருக்கிறார் என்றேன். உடனே, "அப்ப இவன் வாங்குனது அரைப் பவுண்டு, நூத்தி அறுவது கிராம் சொச்சம்" என்றார். ஒரு நிமிஷம் கழித்து அவரே தலையாட்டிக்கொண்டு திருத்தினார். "இல்ல. அது ரோம் விலை. இவன் இருந்தது எல்லைக்கோடியில. வண்டிக்கூலி, கப்பல்கூலி, நடுவுல நாலு கை மாறியிருக்கும். நூறு கிராம் வந்திருந்தாப் பெருசு."

நேற்று வெள்ளிக்கிழமை மறுபடி போனோம். இந்தத் தடவை ஏடுகளின் முன்னால் நின்றோம். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, கறுத்த மரத்தில் மங்கலாகத் தெரிந்த கோடுகளை அப்பா வெகுநேரம் பார்த்தார். எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு வரியின் கடைசியில் விரலை நீட்டி, "தொகை இங்கதான் எழுதியிருப்பான்" என்றார்.

வரும் மாதம் ஹாட்ரியன் சுவர்ப் பக்கம் விண்டொலாண்டாவுக்கே அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். ரயிலில் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். அவருக்கு முட்டிவலி உண்டு, அதிகம் நடக்க முடியாது.